கட்டில், சோபா வாங்க வெளியூர் போவது கட்டுப்படியாகுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு, இரண்டாவது மாடி. கையில் 2 லட்சம். இரண்டு கட்டில், ஒரு சோபா, ஆறு பேர் உட்காரும் டைனிங் டேபிள், துணி பீரோ வேண்டும். சென்னைக் கடைகளில் கேட்ட விலையில் பாதிகூடத் தேறாது போலிருக்கிறது. சித்தப்பா காரைக்குடிக்குப் போ என்கிறார், ஆபீஸ் நண்பர் பெங்களூரு என்கிறார், யாரோ ஜோத்பூரில் பாதி விலை என்று சொல்லியிருக்கிறார். எந்த ஊர் மலிவு என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரின் விலைப்பட்டியல் உங்களுக்கு அவ்வளவாக உதவாது. வண்டி வாடகை, லீவு, அலைச்சல், வந்தபின் வரும் ரிப்பேர் எல்லாவற்றையும் கழித்தபின் கையில் ஏதாவது மிஞ்சுமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடலாம். புதிய மரச்சாமானுக்காக வெளியூர் போனால் ஒன்றிரண்டு உருப்படிக்குப் பெரும்பாலும் மிஞ்சாது. பழைய தேக்குச் சாமானுக்காகப் போவதென்றால் போகலாம், சென்னையில் அந்தத் தரம் அந்த விலைக்குக் கிடைப்பது அரிது. பெங்களூருக்கு வேறு வேலையாகப் போகும்போது சின்னச் சாமான் வாங்கி வரலாம். ஜோத்பூருக்கு நீங்கள் போக வேண்டாம். ஏன் என்பதைத்தான் இனி விளக்கப்போகிறேன். நான் பட்டறையில் ஆசாரிகளோடு வேலை பழகி, பிறகு கடை நடத்தி, இப்போது பிறர் வீட்டுக்கு மரம் பார்த்து வாங்கித் தருகிறவன். மரம், மூட்டு, பாலிஷ் பற்றி உறுதியாகச் சொல்வேன். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் குறிப்பிட்ட கட்டில் நல்லதா என்று இங்கிருந்தபடியே சொல்ல முடியாது, அது கையால் தொட்டுப் பார்க்க வேண்டிய விஷயம்.

தள்ளுபடி என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணத்தைக் கடைக்காரர் வாயால் சொல்ல முடிய வேண்டும். காட்சிக்கு வைத்த உருப்படி, மாடல் மாறுகிறது, ஏற்றுமதிக்குச் செய்து திரும்பிய சரக்கு, கடை காலி செய்கிறார்கள், நிறம் ஒன்று போல வரவில்லை, வீடு மாற்றிப் போகிறவர் விற்கிறார். இவையெல்லாம் நம்பத்தக்க காரணங்கள். காரணமே இல்லாமல் 60 சதவீதம் கழிவு என்று பலகை தொங்கினால், அந்த 100 சதவீத விலை பேனாவால் எழுதப்பட்ட விலை, அவ்வளவுதான். ஆடித் தள்ளுபடியில் துணிக்கு நடப்பதேதான் கட்டிலுக்கும் நடக்கிறது. இருந்தாலும் ஆடியில் நிஜமாகவே குறைத்துத் தரும் கடைகள் உண்டு. அந்த மாதம் கல்யாணமோ புதுமனைப் புகுவிழாவோ அதிகம் நடக்காது, சரக்கு தேங்கும், ஆவணி முகூர்த்தத்துக்குப் புது மாடல் இறக்க இடம் வேண்டும். இது நிஜமான காரணம். ஆகவே ஆனியிலேயே போய் விலையைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, ஆடியில் மறுபடி போங்கள். எது கழிவு, எது நாடகம் என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்து மரக் கணக்கு. இதைக் கற்றுக்கொண்டால் எந்த ஊரிலும் உங்களை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. மரத்தைக் கன அடியில் விற்பார்கள். நீளத்தை அடியிலும், அகலத்தையும் தடிமனையும் அங்குலத்திலும் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். கட்டிலின் பக்கச் சட்டம் ஆறரை அடி நீளம், 8 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிமன் என்றால் ஒரு சட்டம் 0.54 கன அடி, இரண்டு சட்டம் 1.08. இப்படியே நான்கு கால், தலைமாட்டுப் பலகை, கால்மாட்டுப் பலகை, நடுவில் போடும் ரீப்பர் எல்லாம் கூட்டினால் ஒரு சாதாரணமான இரட்டைக் கட்டிலுக்கு 5 கன அடி வரும். அறுப்பதிலும் இழைப்பதிலும் போகும் சேதாரம் சேர்த்தால் 6, 7 கன அடி மரம் வாங்க வேண்டியிருக்கும். இப்போது வால்டாக்ஸ் சாலையில் இரண்டு மர டிப்போவுக்குப் போய் நல்ல தேக்கு கன அடி என்ன விலை என்று கேளுங்கள். மரத்துக்கு மரம், நீளத்துக்கு நீளம் விலை மாறும். பேச்சுக்கு கன அடி 3,000 என்று வைத்தாலும், 6 கன அடிக்கு மரம் மட்டுமே 18,000. அதற்கு மேல் ஆசாரி கூலி, பாலிஷ், கடை வாடகை, லாபம், வரி. இந்த நிலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரக் கூடாரத்தில் ‘முழுத் தேக்குக் கட்டில் 14,000’ என்று எழுதியிருந்தால் அது என்ன மரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அது முழுப் பொய்யாகவும் இருக்காது, அங்கேதான் சிக்கல். தேக்குதான், ஆனால் இளம் தேக்கு. மரத்தின் நடுவில் இருக்கும் பழுப்பு நிற வைரத்தில்தான் தேக்கின் எண்ணெய், உறுதி, கரையானைத் தாங்கும் குணம் எல்லாம் இருக்கிறது. வெளிவட்டத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு துளைக்கும், சீக்கிரம் உளுத்துப்போகும். தோட்டத்தில் வளர்த்துச் சீக்கிரம் வெட்டிய மரத்தில் வெள்ளை அதிகம். அதன்மேல் பழுப்புச் சாயம் ஏற்றி பாலிஷ் அடித்துவிட்டால் முன்பக்கம் பார்த்துக் கண்டுபிடிக்க எனக்கே கஷ்டம். பின்பக்கம், அடிப்பக்கம், டிராயரின் உள்பக்கம், கட்டில் காலின் அடி, இங்கெல்லாம் சாயம் பூச யாருக்கும் பொறுமை இருக்காது. ஆகவே அங்கே பாருங்கள். ‘பர்மா தேக்கு’ என்று சொன்னால் கூடுதல் ஜாக்கிரதை. மியான்மர் 2014 ஏப்ரலில் இருந்து உருட்டுக் கட்டை ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. இப்போது டிப்போக்களில் இருக்கும் இறக்குமதித் தேக்கில் பெரும்பங்கு கானா, ஈக்வடார், பனாமா போன்ற நாடுகளின் தோட்டத் தேக்கு. அது மட்டமென்று சொல்ல வரவில்லை, நல்ல வைரக் கட்டையும் அதில் உண்டு. பர்மா விலைக்கு அதை வாங்காதீர்கள் என்கிறேன்.

இனி ஜோத்பூர். அங்கே மரச்சாமான் தொழில் பெரியது, ஏற்றுமதிக்குச் செய்கிறவர்கள் நிறைய. ஷீஷம், மா, கருவேலம் இந்த மூன்று மரங்களில்தான் அதிகம் செய்கிறார்கள். ஷீஷத்தை விற்பவர்கள் ‘ரோஸ்வுட்’ என்பார்கள். நம் ஊர் ஆசாரி ஈட்டி, தோதகத்தி என்று சொல்லும் ரோஸ்வுட் வேறு, இது அதன் வடநாட்டு உறவுக்கார மரம். ஷீஷமும் கெட்டியான நல்ல மரம்தான். என் கவலை மரத்தைப் பற்றியதல்ல, காற்றைப் பற்றியது. மரம் செத்த பிறகும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். வறண்ட ராஜஸ்தான் காற்றில் காய்ந்து, அந்த நிலையில் அளவெடுத்துப் பூட்டிய மேசை, கடலோரச் சென்னைக்கு வந்ததும் ஈரம் குடித்து விரியும். நீளவாட்டில் விரிவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. அகலவாட்டில்தான் விரியும். மூன்றடி அகலமுள்ள மேசைப் பலகை அரை சென்டிமீட்டருக்கு மேல்கூடத் தள்ளும். தச்சர் அதற்கு இடம் விட்டுச் செய்திருந்தால் ஒன்றும் ஆகாது. நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கியிருந்தால் பலகை வளையும், அல்லது சட்டத்தின் மூட்டைப் பிளக்கும்.

பெசன்ட் நகரில் ஒரு வீட்டில் இப்படி வந்த சைடுபோர்டு ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். கோடையில் வந்து இறங்கியபோது டிராயர்கள் விரல் பட்டால் நகர்ந்தனவாம். ஐப்பசி மழை பிடித்ததும் மூன்று டிராயரும் கல் மாதிரி இறுகிவிட்டன, ஒன்றை இழுத்ததில் கைப்பிடியே கையோடு வந்துவிட்டது. ஆசாரியை வரச் சொல்லி உடனே இழைத்துவிட வேண்டும் என்று வீட்டம்மா அவசரப்பட்டார். வேண்டாம், மழை முடியட்டும் என்றேன். மழையில் இழைத்தால் சித்திரையில் டிராயர் தொளதொளவென்று ஆடும். தை பிறந்து ஈரம் இறங்கிய பிறகு, எந்த விளிம்பு உரசிப் பளபளப்பாகியிருக்கிறதோ அந்த இடத்தை மட்டும் மெலிதாகச் சீவி, மெழுகு தேய்த்தோம். சரியாகிவிட்டது. உள்ளூரில் வாங்கியிருந்தால் கடைக்காரரே ஆளை அனுப்பியிருப்பார். தூரத்து ஊரில் வாங்கினால் இந்தச் செலவு உங்கள் தலையில். ஏ.சி. அறையில் வைக்கப்போகிறீர்கள் என்றால் இன்னொரு வகைத் தொல்லை வரும், நம் ஊரில் சரியாக உலராத மரம் அங்கே சுருங்கி விரிசல் விடும். ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி சில ஆயிரத்துக்குள் கிடைக்கிறது, பெரிய கடைகளிலேயே வைத்திருப்பார்கள். சென்னைக்கு 10 முதல் 14 சதவீதம் காட்டினால் சரி. 18, 20 என்று காட்டினால் அது பச்சைக் கட்டை, கழிவு எவ்வளவு தந்தாலும் வேண்டாம்.

கேரளாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். நிலம்பூரில் 1840-களிலேயே தேக்குத் தோட்டம் போட்டார்கள், அந்தத் தேக்குக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் அங்கே போனால் மலிவு என்பது தவறான எண்ணம். வனத்துறை டிப்போவில் கட்டையை ஏலம் விடுகிறார்கள், நல்ல கட்டைக்கு நாடு முழுக்க இருந்து ஆள் வந்து ஏற்றிவிடுவார்கள். கோதமங்கலத்துக்குப் பக்கத்தில் நெல்லிக்குழியில் மரச்சாமான் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஊர் சாலையோரக் கூடாரச் சரக்கில் ஒரு பகுதி கேரளப் பக்கமிருந்து வருவதுதான். பெரும்பாவூர் பிளைவுட்டுக்குப் பெயர் போனது. கன்னியாகுமரி, கோவை, தேனி பக்கம் இருப்பவர்களுக்கு இந்த ஊர்கள் கட்டுப்படியாகும். மடிப்பாக்கத்திலிருந்து கட்டில் வாங்கப் போகும் தூரமில்லை.

காரைக்குடிக்கு வருவோம். உங்கள் சித்தப்பா சொன்னதில் விஷயம் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகள் கட்டிய காலத்தில் பர்மாவோடு வியாபாரம் இருந்தது, கப்பல் கப்பலாகத் தேக்கு வந்தது. அந்த வீடுகளைப் பிரிக்கும்போது வரும் கதவு, தூண், அலமாரி, சாய்வு நாற்காலி, ஊஞ்சல் பலகை எல்லாம் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்து சேருகின்றன. அந்த மரம் பல தலைமுறை நம் காற்றிலேயே இருந்து உலர்ந்தது. நம் காற்றுக்குப் பழகிவிட்டதால் புதிதாக வளையவோ பிளக்கவோ வாய்ப்பு குறைவு. அந்த அடர்த்தியுள்ள பழங்காட்டுத் தேக்கை இன்று புதிதாக வாங்க முடியாது, வாங்கினாலும் விலை உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். சென்னையிலிருந்து 400 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பல்லவன் ரயிலில் மாலை கிளம்பினால் இரவு போய்ச் சேரலாம், அடுத்த நாள் முழுக்கக் கடைகளைச் சுற்றிவிட்டு அதற்கடுத்த விடியற்காலை அதே வண்டியில் திரும்பலாம்.

ஆனால் அந்தத் தெரு இப்போது வெளிநாட்டுக்காரர்களுக்கும் ஹோட்டல் அலங்காரக்காரர்களுக்கும் பழகிப்போன தெரு. செதுக்கு வேலையுள்ள கதவு, தூண் தலை, கண்ணாடிச் சட்டம் இவற்றின் விலை அவர்களால் ஏறியது, அதைத் தொடாதீர்கள். வேலைப்பாடு இல்லாத மொட்டைச் சாமான்தான் உங்களுக்கானது. சுவர் அலமாரியின் பழைய பலகை, கணக்குப்பிள்ளை மேசை, பெஞ்சு, சாதாரணத் துணி அலமாரி. இவற்றைக் கேட்பவர் குறைவு, பேரம் படியும். பழசா, பழசாக்கப்பட்டதா என்று பார்க்கவும் வேண்டும். பழைய பலகையின் உள்பக்கம் இயந்திரத்தால் இழைத்தது போலச் சீராக இருக்காது, இழைப்புளி போன மெல்லிய பள்ளங்கள் விரலுக்குத் தெரியும். தேய்மானம் கைபடும் இடத்தில், கால் உரசும் இடத்தில் இருக்கும், சங்கிலியால் அடித்தது போல எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. வட்ட மேசையாக இருந்தால் டேப் எடுத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். பழைய வட்டம் இழையின் குறுக்கே சுருங்கி லேசாக முட்டை வடிவாகியிருக்கும், நேற்றுச் செய்த வட்டம் வட்டமாகவே இருக்கும். இதை வைத்து மரத்தின் வயதை இத்தனை வருஷம் என்று சொல்லிவிட முடியாது, அப்படிச் சொல்கிற வியாபாரியை நம்ப வேண்டாம். பழையதா இல்லையா என்று மட்டும் ஓரளவு சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய கட்டில்கள் இன்றைய மெத்தை அளவுக்குப் பொருந்தாது. இப்போது கடையில் கிடைப்பது குயின் 60-க்கு 78 அங்குலம், கிங் 72-க்கு 78. பழைய கட்டில் நாலடி அகலமோ நாலேகால் அடியோ இருக்கும், உயரமும் அதிகம். தனியாக மெத்தை தைக்க வேண்டும், அல்லது சட்டத்தை வெட்டி ஒட்ட வேண்டும். வெட்டி ஒட்டினால் அந்தக் கட்டிலின் மதிப்பே போய்விடும். ஆகவே காரைக்குடியில் கட்டில் வாங்காதீர்கள், மேசையும் அலமாரியும் பாருங்கள். அலமாரியில் துணி மாட்டுவதாக இருந்தால் உள்ளே 22 அங்குல ஆழமாவது இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள், பழைய அலமாரிகள் மடித்து வைக்கும் காலத்துக்குச் செய்தவை.

பெங்களூரைப் பொறுத்தவரை உங்கள் நண்பர் சொன்னது நாகசந்திராவில் 2022-இல் திறந்த ஐக்கியா மரச்சாமான் கடையைத்தான் என்று நினைக்கிறேன். மெட்ரோ பச்சை வழித்தடத்தில் ஸ்டேஷனிலேயே இறங்கிப் போகலாம். அங்கே பில் போடும் இடத்தருகே, திரும்பி வந்ததையும் காட்சிக்கு வைத்ததையும் குறைத்து விற்கும் ஒரு மூலை உண்டு. காரணம் உள்ள தள்ளுபடி என்றேனே, அதற்கு நல்ல உதாரணம். ஆனால் அன்று அங்கே என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டம், பூட்டிய நிலையில் இருப்பதால் எடுத்துவரவும் சிரமம். பெட்டியில் மடங்கி வரும் சின்ன மேசை, ஸ்டூல், அடுக்கு, விளக்கு இவற்றை ரயிலில் கொண்டுவரலாம். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஓர் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம், ஸ்லீப்பரில் பெட்டியின் அளவு 100, 60, 25 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அலமாரிக் கதவு ஒன்றே அதைத் தாண்டிவிடும். அங்கே விற்பதில் பெரும்பகுதி மரத்தூள் பலகை என்பதையும் மறக்க வேண்டாம். வைத்த இடத்திலேயே வைத்துப் பயன்படுத்தினால் பல வருஷம் நன்றாக உழைக்கும். வாடகை வீட்டில் இரண்டு முறை கழற்றிப் பூட்டினால் திருகு பிடிக்கும் துளை தளர்ந்துவிடும், தண்ணீர் பட்டால் ஊதும்.

வரி விஷயத்தில் பழைய பேச்சு இன்னும் ஓடுகிறது. பாண்டிச்சேரியில் வரி குறைவு, அங்கே வாங்கு என்பார்கள். அது 2017 ஜூலைக்கு முந்தைய கதை. இப்போது மரச்சாமானுக்கு நாடு முழுக்க 18 சதவீத ஜி.எஸ்.டி., முழுக்கப் பிரம்பாலோ மூங்கிலாலோ செய்ததற்கு மட்டும் குறைவு. ஊர் மாறினால் வரி மாறாது. ‘பில் வேண்டாமென்றால் 18 சதவீதம் குறைக்கிறேன்’ என்பார்கள், அது தள்ளுபடி இல்லை, உங்கள் உரிமையை நீங்களே விற்பது. 50,000 ரூபாய்க்கு மேல் புதுச் சரக்கு மாநிலம் தாண்டி வந்தால் இ-வே பில் என்ற ஆன்லைன் சரக்குச் சீட்டு வேண்டும், அது இல்லாமல் வந்தால் செக்கிங்கில் வண்டி நிற்கும், காத்திருப்புக் கூலியை டிரைவர் உங்களிடம்தான் கேட்பார். பில் கையில் இருந்தால் இன்னொரு வசதி உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது அந்தச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம்.

வண்டிக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, சென்னையில் 45,000 சொல்லும் கட்டில் 400 கிலோமீட்டர் தள்ளி 32,000-க்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். 13,000 லாபம் போலத் தெரியும். இரண்டு பேர் போய்வர, ஒரு நாள் தங்க, சாப்பிட 5,000. அந்தக் கட்டிலுக்காக மட்டும் குட்டியானை பிடித்தால் போகவர வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். பார்சல் சர்வீஸில் போட்டால் வாடகை குறையும், ஆனால் லாரி ஷெட்டிலிருந்து வீட்டுக்குத் தனி வண்டி, ஏற்று கூலி, இறக்கு கூலி, இரண்டாவது மாடிக்குத் தூக்கும் கூலி என்று பிரிந்து பிரிந்து வரும். பாலிஷ் உரசினால் கேட்க ஆள் கிடையாது. கடைசியில் கையில் நிற்பது இரண்டாயிரம் மூவாயிரம், அதற்கு இரண்டு நாள் லீவு. அதே இடத்தில் நாலைந்து உருப்படி சேர்த்து ஒரே வண்டியில் போட்டால் கணக்கு மாறும். இதனால்தான் காரைக்குடி போவதென்றால் உங்களைப் போல மரச்சாமான் வாங்க வேண்டிய இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு போகச் சொல்வேன். சென்னைக்குத் திரும்பும் காலி லாரியில் இடம் கிடைத்தால் வாடகை பாதியாகும், அதற்குக் கடைக்காரரிடமே கேட்டால் ஆள் சொல்வார்.

சரி, சென்னையிலேயே எங்கே மலிவு? ஓ.எம்.ஆர். பக்கம் அலுவலகம் காலி செய்யும்போது வரும் நாற்காலி, மேசை, ஸ்டீல் அலமாரி மூன்றும் புது விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கும், வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த நாற்காலிக்கு ஈடு கிடையாது. வெளிநாடு கிளம்புகிறவர்கள் மே, ஜூனில் வீட்டுச் சாமானை மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள், அப்போது பேரம் உங்கள் பக்கம். ஏலக் கடைகளில் முந்தின நாளே போய்ப் பொருளைப் புரட்டிப் பார்த்து, இதற்கு மேல் போகமாட்டேன் என்று ஒரு தொகையை எழுதிக்கொண்டு உட்காருங்கள். பழைய சாமான் எதுவானாலும் ஒரு சோதனை கட்டாயம். 2015 டிசம்பரிலும், 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோதும் தண்ணீர் புகுந்த வீடுகள் உங்கள் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சாமான்கள் துடைத்து பாலிஷ் போட்டு இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. பீரோவின் பின்பலகையில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் நேர்க்கோடாக ஒரு நிற மாற்றம் இருக்கிறதா, காலின் அடி தடித்திருக்கிறதா, கீழ்க் கீல்களில் மட்டும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். தேக்காக இருந்தால் பிழைத்திருக்கும். மரத்தூள் பலகையாக இருந்தால் எவ்வளவு குறைத்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

சோபாவைத் தள்ளுபடியில் வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி, இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. மற்ற சாமானில் மரம் கண்ணுக்குத் தெரியும், சோபாவில் எல்லாமே துணிக்குள் ஒளிந்திருக்கிறது. வாங்கியே தீர வேண்டுமென்றால் கடையிலேயே அதைக் குப்புறக் கவிழ்க்கச் சொல்லுங்கள். அடியில் ஒரு கறுப்புத் துணியை ஸ்டேப்ளர் பின் போட்டு அடித்திருப்பார்கள். ஒரு மூலையில் நாலு பின்னைப் பிடுங்கி டார்ச் அடித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். உள்ளே இழைக்காத பெட்டி மரமும், மூட்டுக்கு வெறும் ஆணியும் தெரிந்தால், மேலே எவ்வளவு பளபளப்பான துணி இருந்தாலும் அந்தச் சோபா முதல் வருஷமே கிறீச்சிடும். மூலைகளில் முக்கோணக் கட்டை வைத்துத் திருகு போட்டிருந்தால் நல்ல அறிகுறி. நிமிர்த்திய பிறகு முன்கால் ஒன்றைப் பிடித்து அரை அடி தூக்குங்கள், மறுமுனையில் உள்ள முன்காலும் உடனே எழும்ப வேண்டும். எழாமல் சட்டம் முறுக்கினால் வேண்டாம். ஃபோமின் அடர்த்தி 32 டென்சிட்டியாவது என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், வாயால் சொல்வதற்கும் எழுதித் தருவதற்கும் இடையில் விலை மாறுவதைப் பார்ப்பீர்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். பெரியவர்கள் அறைக் கட்டிலை டிப்போவில் மரம் எடுத்து நல்ல ஆசாரியிடம் கொடுத்துச் செய்வேன், அதற்குத் தேக்குதான் வேண்டுமென்றில்லை, வேங்கை போதும். இரண்டாவது கட்டிலும் டைனிங் செட்டும் ரப்பர் மரத்தில், ஆடியில், காட்சிக்கு வைத்த உருப்படியாகப் பார்ப்பேன். ரப்பர் மரத்தை மருந்தில் ஊறவைத்து உலர்த்தியிருந்தால் பல வருஷம் உழைக்கும், ஊறவைக்காததை வண்டு தின்றுவிடும், அதனால் பெயர் தெரிந்த கடையில் மட்டும். துணி பீரோ ஸ்டீலில். சோபாவை ஆறு மாதம் தள்ளிப்போட்டு, அதுவரை பாய் விரித்து உட்காருவேன். காரைக்குடி ஆசை இருந்தால் மிச்சப் பணத்தில் ஒரே ஒரு நல்ல அலமாரிக்காகப் போய்வருவேன்.

எதை வாங்கினாலும் அதற்கு முன் உங்கள் படிக்கட்டு திரும்பும் இடத்தின் அகலத்தையும், லிஃப்ட் இருந்தால் அதன் உள் உயரத்தையும், படுக்கையறைக் கதவின் அகலத்தையும் அளந்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிப் பூட்ட முடியாத பழைய அலமாரியைப் பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்ற ஆள் கிடைப்பார்கள், ஆனால் அந்தக் கூலிக்கு இன்னொரு சின்ன மேசையே வாங்கிவிடலாம். ஏதாவது ஒன்றைப் பிடித்துப்போய் முடிவெடுக்கத் தயங்கினால் இங்கேயே படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். முன்பக்கப் படம் வேண்டாம். அடிப்பக்கம், பின்பக்கம், டிராயரை வெளியே இழுத்து அதன் மூட்டு, இந்த மூன்றும் போதும்.